எந்தச் செவலை?

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் வருஷத் திதி. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பி, பாத்திரங்கள்கூடக் கழுவி முடியவில்லை, அம்மா கூடத்தில் அந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அப்பாவின் ராணுவ நம்பர், பதவி, பெயர். பதவி மட்டும் அழித்து அழித்து எழுதியது. முதலில் சாப்பர். அதன்மேல் கறுப்பு பூசி நாயக். அதையும் பூசி ஹவில்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மூன்றுமே தெரியும்.

உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய கேன்டீன் கார்டு, துணியில் சுற்றிய மெடல்கள், துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்த இரண்டு உளி, சணலால் கட்டிய இன்லேண்ட் லெட்டர்கள். அம்மாவின் கை நேராக லெட்டர் கட்டுக்குத்தான் போயிற்று.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமலே தள்ளிப்போட்டேன். சரி, அந்தக் கட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது 1974இல். முப்பது நாள் கூட இருந்துவிட்டு அப்பா பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது, எழுதப் படிக்கத் தெரியாது. மாமியார், மாமனார், எட்டாம் வகுப்புப் படிக்கும் நாத்தனார். அந்த நாத்தனார்தான் என் அத்தை. வீட்டிலேயே எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தபால்காரர் லெட்டரைக் கொடுத்ததும் எல்லாரும் திண்ணையில் கூடுவார்கள். அத்தை நடுவில் நின்று, ஸ்கூலில் பாடம் படிக்கிற குரலில் உரக்கப் படிப்பாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள்.

ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான். அம்மா அப்பாவுக்கு நமஸ்காரம், இங்கு நான் நலம், அங்கு அனைவரும் நலமா. அப்புறம் மணியார்டர் வந்ததா, மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு. எங்கே இருக்கிறார் என்று மட்டும் இருக்காது. முகவரி எந்த ஊரிலிருந்து எழுதினாலும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம்தான். பனியில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒவ்வொரு லெட்டரிலும் ஒரு வரி இருக்கும். "செவலைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? மழைக்காலம், வெளியில் கட்ட வேண்டாம்." இன்னொன்றில், "செவலைக்குத் தீவனம் குறைக்க வேண்டாம். இளைத்துப்போய்விடும்."

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு மாடுகள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று மயிலை. செவலை கிடையாது.

"அண்ணி, எந்தச் செவலை?" என்று அத்தை படிப்பதை நிறுத்திக் கேட்பாளாம். அம்மா, "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாளாம். பாட்டிதான் சமாதானம் சொல்வாளாம், மயிலை போட்ட கன்றுக்குட்டி கொஞ்சம் செம்பட்டையாக இருக்கும், அதைத்தான் பிள்ளை சொல்கிறான் என்று. அந்தக் கன்றை விற்ற பிறகும் லெட்டரில் செவலை வந்துகொண்டே இருந்தது. அண்ணனுக்குக் குளிரில் ஞாபகம் குழம்பிவிட்டது என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றுவரை இது பேச்சுக்கு வரும். யாராவது எதையாவது மறந்துவிட்டால், "எந்தச் செவலை?" என்றுதான் கேட்போம்.

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் தெருவுக்கு இரண்டு மூன்று மில்டரிக்காரர் வீடு இருக்கும். அப்பா சேர்ந்தது 1967இல், பதினெட்டு வயதில். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நண்பர்களோடு போனவரை மட்டும் மார்பளவு பார்த்து, ஓட விட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டார்களாம். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். 1780இல் தொடங்கிய படை அது. மற்ற ரெஜிமென்ட்டுக்காரர்கள் இந்தப் படை ஆட்களை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபிக்காரரும் சரி, கூர்க்காவும் சரி, வாய் நிறையத் தம்பி என்பார்கள் என்று அப்பா சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். எழுபது வயதிலும் அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

சாப்பர் என்றால் துப்பாக்கி பிடிப்பது மட்டும் வேலை இல்லை. பாலம் போட வேண்டும், பாதை போட வேண்டும், தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும், மைன் என்கிற கண்ணி வெடி புதைக்க வேண்டும், எதிரி புதைத்ததை எடுக்கவும் வேண்டும். இதோடு ஆளுக்கு ஒரு கைத்தொழில். அப்பாவுக்குக் கொடுத்தது தச்சு வேலை. அந்த இரண்டு உளிக்கும் காரணம் அதுதான்.

1971 போரில் அப்பா 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டில் இருந்தார். மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. டிசம்பர் 15 ராத்திரி ஆற்றைக் கடந்து போன காலாட்படைக்குப் பின்னாலேயே டாங்கிகள் போயாக வேண்டும். நடுவில் பாகிஸ்தான் புதைத்து வைத்த மைன் வயல். அதற்குள் பாதை எடுக்க வேண்டியவர்கள் இந்தத் தம்பிகள். டாங்கியின் முன்னால் உருளை மாட்டி ஓட்டுவதும் உண்டு, ஆள் தரையில் படுத்துக் கையால் துழாவுவதும் உண்டு. எடுத்த பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை டேப் கட்டிக்கொண்டே போவார்கள். அந்த டேப்புக்குள் வருகிறவனுக்கு உயிர் உத்தரவாதம். பாதை முழுசாகத் தயாராகும் முன்பே, முன்னால் போன காலாட்படை தவிக்கிறது என்று தெரிந்து, பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் மைன் வயலுக்குள் இறங்கிக் கடந்துவிட்டன. மறுநாள் 16ஆம் தேதி நடந்த டாங்கிச் சண்டையில்தான் அந்தப் படையின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் இறந்துபோனார். 21 வயது. பசந்தர் சண்டைக்கு மட்டும் அவருக்கும் காலாட்படை மேஜர் ஹோஷியார் சிங்குக்குமாக இரண்டு பரம் வீர் சக்ரா.

கேத்ரபால் பெயரை அப்பா சொல்லும்போதெல்லாம், "என்னைவிட ஒரு வயசு சின்னப் பையன்" என்று சேர்த்துக்கொள்வார். அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அன்று ராத்திரி தன்னைத் தாண்டிப் போன டாங்கிகளில் ஒன்று அந்தப் பையனுடையதாக இருந்திருக்கும் என்ற நினைப்பு அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. சத்தத்தைத்தான் சொல்வார். இருட்டில் படுத்திருக்கும்போது டாங்கி வருவது காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியுமாம்.

போர் பதினான்கு நாளில் முடிந்துவிட்டது. சாப்பர்களுக்கு முடியவில்லை. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில் கையெழுத்தாகி, பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் படைகள் வெளியேற டிசம்பர் ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷமும் அப்பா மைன் எடுத்திருக்கிறார். சண்டையில் செத்தால் தியாகி, சண்டை முடிந்த பிறகு வயலில் மைன் எடுக்கும்போது செத்தால் அது பேப்பரில்கூட வராது என்று ஒரே ஒரு தடவை கொஞ்சம் கசப்பாகச் சொன்னார். அவர் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு அங்கேதான் பாதம் போயிற்று. பூனாவில் செயற்கைக் கால் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். அவருக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா மணியார்டர் அனுப்புவார். அவர் வாங்க மாட்டேன் என்று முதல் வருஷம் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா மறுபடி அனுப்பினார், இந்தத் தடவை கூப்பனில், "இது பணம் இல்லை, பொங்கச் சீர்" என்று எழுதி. அப்புறம் அவர் திருப்பவில்லை. அவர் சாகும் வரைக்கும், இருபத்தாறு பொங்கலுக்கு அது போயிற்று.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலாற்றில் தண்ணீர் என்பதே அபூர்வம், மணல்தான். அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் காலிப் பவுடர் டப்பா ஒன்றை மணலில் புதைத்தார். கையில் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் கொடுத்து, "கண்டுபிடி பாப்பா" என்றார். நான் நின்றபடியே மணலில் குத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"குத்தாதே. படு."

மணலில் குப்புறப் படுத்தேன். மணல் மேலே சுட்டது, அரை விரல் கீழே குளிர்ந்தது. அப்பாவும் பக்கத்தில் படுத்தார். சட்டை முழுக்க மணல். கம்பியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். நேராக இறக்கினால் மைனின் தலையில் படும், வெடிக்கும். சாய்த்து, தரையோடு தரையாக, மெதுவாக உள்ளே விட வேண்டும். அப்போது பக்கவாட்டில்தான் தொடும். தொட்டால் தள்ளக் கூடாது. நிறுத்தி, மூச்சு விட்டு, விரலால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஒதுக்க வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி. தொடவில்லையா, இன்னும் இரண்டு விரற்கடை. என் மூக்குக்கு முன்னால் எறும்பு ஒன்று ஊர்ந்து போனதுகூட நினைவிருக்கிறது. கம்பி முனையில் டப்பா தட்டுப்பட்டபோது அது சத்தமாகக் கேட்கவில்லை, விரல் நுனியில் ஒரு சின்ன மறுப்பு மாதிரி இருந்தது.

"வந்துச்சுப்பா," என்று கத்தினேன்.

"வந்துச்சுல்ல? கத்தாதே. இன்னும் எடுக்கல."

தம்பிக்கு ஐந்து நிமிஷத்தில் பொறுமை போய்விட்டது. நான் அன்று நான்கு தடவை புதைக்கச் சொல்லி நான்கு தடவையும் எடுத்தேன். திரும்பி வரும்போது அப்பா சொன்னது, டாங்கி மைன் மேல் மனிதன் ஏறி நின்றாலும் வெடிக்காது, அவ்வளவு எடை வேண்டும், ஆனால் அதைச் சுற்றி ஆளுக்கென்று சின்ன மைன் போட்டு வைத்திருப்பார்கள் என்று. பெரியதைத் தேடிப் போகிறவன் சின்னதில் மாட்டுவான். அவர் பாட்டுக்குத் தொழில் விவரமாகத்தான் சொன்னார். நான் ஆசிரியை ஆன பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை முகம் வாடி உட்கார்ந்திருந்தால் என்ன என்று நேரடியாகக் கேட்பதில்லை. இரண்டு விரற்கடை தள்ளித்தான் ஆரம்பிப்பேன்.

அப்பா பட்டாளத்தில் இருந்த காலத்தில் எனக்கு அவர் அவ்வளவு பழக்கமே இல்லை. வருஷத்தில் இரண்டு மாசம் ஆண்டு லீவு, இடையில் சில நாள் கேஷுவல் லீவு. ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, அங்கிருந்து காட்பாடி வண்டி பிடித்து, விடியற்காலையில் குதிரை வண்டியில் ட்ரங்குப் பெட்டியும் ஹோல்டாலுமாக வந்து இறங்குவார். நான்கு வயதில் அப்படி வந்தவரைப் பார்த்து, பாட்டி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "மில்டரி மாமா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

அப்பா என்னைத் தூக்க வரவில்லை. அதட்டவும் இல்லை. மூன்று நாளைக்கு, நான் விளையாடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு மரத் துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். நான் வேண்டுமட்டும் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. நான்காம் நாள் நானாகப் போய் முதுகில் சாய்ந்தேன் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது சுருள் சுருளாக விழுந்த மரச் சீவலும், அந்த பனியனின் வாசனையும்தான். அவர் செதுக்கியது ஒரு குதிரை. இப்போது என் மகன் வீட்டில், டி.வி. பக்கத்தில் இருக்கிறது. ஒரு காது மட்டும் இல்லை.

1984இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். பதினேழு வருஷம். வந்த வாரமே ஒரு நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறார். அதையும் பெட்டியில் பார்த்தேன். கல்யாணமான பத்து வருஷத்தில் அம்மாவோடு இருந்த நாட்கள். ஒவ்வொரு லீவையும் தேதி போட்டு, ரயிலில் போனதைக் கழித்து, அடியில் கூட்டுத்தொகை: 731. அதற்குக் கீழே வேறு ஒன்றும் எழுதவில்லை. இரண்டு தடவை கோடு போட்டிருக்கிறார்.

அதற்கப்புறம் சாகும் வரை நாற்பது வருஷம், அம்மா இல்லாத இடத்தில் அப்பா ஒரு ராத்திரி தங்கவில்லை. இதை நான் அன்பு மிகுதியில் சொல்லவில்லை, யோசித்து யோசித்துப் பார்த்து எழுதுகிறேன். ஒரு வங்கியில் காவலராக வேலை கிடைத்தது. மூன்று நாள் பயிற்சி என்று சென்னைக்குப் போகச் சொன்னார்கள், தங்குவதற்கு அறையும் கொடுத்தார்கள். அப்பா மூன்று நாளும் காட்பாடியில் காலை வண்டி பிடித்துப் போய் ராத்திரி வீடு திரும்பினார். போக 130 கிலோமீட்டர், வர 130 கிலோமீட்டர். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்தார், அங்கே அம்மாவும் இருந்தாள்.

அம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது ஓய்வு பெற்று வந்த முதல் வருஷத்தில்தான். அப்போது அம்மாவுக்கு 28 வயது. நான் மூன்றாம் வகுப்பு. என் தமிழ்ப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார், அணில் ஆடு இலை என்று. அம்மா வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் அப்பா பெட்டியிலிருந்து தன் பழைய லெட்டர்களையே எடுத்து வந்தார். அத்தை படித்து அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட லெட்டர்கள். பாதி வரிகள் அம்மாவுக்கு மனப்பாடம். தெரிந்த வார்த்தையை எழுத்தில் தேடிப் பிடிப்பது லேசாக இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், நான் ஒரு பக்கம் வீட்டுப்பாடம், அம்மா ஒரு பக்கம் லெட்டர், நடுவில் அப்பா. கையெழுத்துக்கு மேலே இருக்கிற அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் அம்மா வாய்விட்டுப் படிக்க மாட்டாள். உதடு மட்டும் அசையும். அப்பா கூரையைப் பார்ப்பார். எனக்கு அப்போது எதுவும் விளங்கவில்லை.

என் படிப்பு மேஜை அப்பா செய்தது. பாக்கிங் பெட்டி மரம், ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மூட்டு. என் உயரம் கூடக் கூட காலுக்குக் கீழே கட்டை சேர்த்துக்கொண்டே வந்தார். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் விடியற்காலை 5.40க்கு பஸ் நிறுத்தம் வரை வந்து, நான் ஏறி, பஸ் திருப்பத்தில் மறையும் வரை நிற்பார். மழை நாளில் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் தான் இறங்கி நடந்து, தேங்கிய தண்ணீரில் பள்ளம் இருக்கிறதா என்று காலால் பார்த்துவிட்டுத்தான் "வா" என்பார். என் தோழிகள் இதைக் கேலி செய்ததுண்டு. எனக்கு ஒருநாளும் அது கேலியாகத் தோன்றவில்லை.

அப்பாவை நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் அலைக்கழிந்து பார்த்திருக்கிறேன். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து. ராணுவ ஆவணத்தில் கல்யாணத்தைப் பதியும்போதே யாரோ ஒரு கிளார்க் தப்பாக எழுதிவிட்டார். பல வருஷம் கழித்துத்தான் அப்பா கவனித்தார். ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் ஆணையில் ஒரு பெயர். தான் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா போய் நிற்கும்போது, இது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால்? அதைத் திருத்த அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் நடந்தார். மனு காணவில்லை என்றார்கள், மறுபடி கொடுத்தார். படிவம் மாறிவிட்டது என்றார்கள், புதுப் படிவம். அஃபிடவிட் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டை போட்டு, காலையில் போய், மத்தியானம் திரும்பி வந்து, யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதிவைப்பார். 2015இல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் அறிவித்து, அப்புறம் பாக்கித் தொகை வந்தபோதுகூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அந்த ஓர் எழுத்து சரியாகித் திருத்திய ஆணை தபாலில் வந்த அன்று எங்கள் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஆணையைப் போட்டுவைக்க ஒரு நீல ஃபைல் தயார் செய்தார். அப்பா இறந்து மூன்றாம் நாள் தம்பி அதைத் திறந்தான். முதல் தாளில் அப்பாவின் கட்டைக் கையெழுத்தில்: மரணச் சான்றிதழ் பத்து பிரதி எடுக்கவும். முதலில் வங்கிக்குப் போகவும், அப்புறம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே கூட்டம் குறைவான நாள் எது, எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருக்கும். எந்தத் தாளில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், எங்கே. கையெழுத்து வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வெள்ளை பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பாலாற்று மணலில் ஐந்து நிமிஷத்தில் எழுந்து ஓடியவன்தான் அவன். "அக்கா, டேப் கட்டி வச்சிருக்காரு" என்றான். அம்மாவுக்கு ஓய்வூதியம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது.

மெடல்களைப் பற்றிச் சொல்லவில்லை. 1971இல் மேற்கு முனையில் இருந்ததற்கான பஷ்சிமி ஸ்டார், சங்கராம் மெடல், 1972 சுதந்திர வெள்ளி விழா மெடல், இன்னும் ஒன்றிரண்டு. ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் குத்திக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அவ்வளவுதான். அவருடைய சாவுக்கு முன்னாள் ராணுவத்தினர் பன்னிரண்டு பேர் வந்து வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அதில் நான்கு பேருக்கு அப்பாவை முன்பின் தெரியாது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல அன்று முடியவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி வாரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்ட அட்டை இருந்ததால் செலவைப் பற்றிய பயம் இல்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். 75 வயது, உடம்பு பாதியாகிவிட்டது, பேச்சு குழறியது. அம்மா கட்டில் பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நான்காம் நாள் மத்தியானம் ஊசி போட வந்த சின்னப் பெண், நர்ஸ், குனிந்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, தாத்தா மாட்டைப் பத்திக் கேக்குறாரு. செவலை சாப்பிட்டுச்சாங்கிறாரு. வீட்ல மாடு இருக்கா?"

இல்லையே என்று சொல்ல வாய் திறந்தேன். நாங்கள் மாடு வைத்திருந்து முப்பது வருஷமாகிறது. அம்மா முந்திக்கொண்டாள்.

"இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு."

நர்ஸ் போன பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தான் செங்கல் நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்ததாகச் சொன்னாள். லெட்டரை நாத்தனார்தான் படிப்பாள், மாமனார் மாமியார் உட்கார்ந்து கேட்பார்கள், அதில் எப்படிப் பெண்டாட்டியை விசாரிப்பது என்று அவர் முதல் லீவு முடிந்து கிளம்பும்போது சொல்லி வைத்துவிட்டுப் போன பெயர் அது. ஐம்பது வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இருந்தது.

அம்மா காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து, கீழே கேன்டீனுக்குப் போனாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம், அப்பா பக்கத்தில் இரு என்றாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தக் கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்பிட்டாச்சுங்க. ரெண்டு இட்லி. தண்ணியும் காட்டியாச்சு."